எழுபத்திரண்டாவது படம்

அத்தியாயம் 4

விற்க வந்தவன் தன் சரக்கைத் தானே திட்டி நான் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் பொதி பிரித்து ஓய்வு பெற்றவன் நான். திருகோணமலைச் சந்தையில் முந்தாநாள் மீனைக்கூட 'இப்பதான் துடிச்சது' என்று சத்தியம் பண்ணி விற்பதைக் கேட்டு வளர்ந்தவன். அதனால்தான் அந்த வியாழக்கிழமை காலை, கலீலுர் றஹ்மான் ஹாஜியார் தன் போனை எங்கள் மேசையில் வைத்து "வாசிச்சுப் பாருங்க" என்றபோது நான் இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது.

இணைய ஏலத் தளம் ஒன்றில் வந்த அறிவித்தல் அது. 'பழைய புத்தகம். தெரியாத மொழி. முன் அட்டையில் ஒன்றுமில்லை. முதற் பக்கம் வெறுமை. பூச்சி அரித்தது. வாசிக்க உதவாது. வேண்டுமென்றால் அலங்காரத்துக்கு வைக்கலாம். படங்கள் 72.'

"இது விளம்பரமா, மரண அறிவித்தலா?" என்று கேட்டேன்.

ஜெமீலா சிரிக்கவில்லை. கட்சிக்காரர் முன்னால் அவர் என் பகிடிக்குச் சிரிப்பதில்லை என்பது எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். பதினைந்து வருடம் காப்புறுதிக் கம்பனியில் புலனாய்வு செய்து, எரியாத கடைக்கு நட்டஈடு கேட்டவர்களையெல்லாம் அழவைத்துவிட்டு, இப்போது உட்துறைமுக வீதியில் ஒரு வலைக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் கந்தோர் வைத்திருக்கிறார். நான் அவருடைய எழுதுவினைஞர், முச்சக்கர வண்டிச் சாரதி, தேநீர் ஊற்றுகிறவன். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரு கதிரைதான் தந்திருக்கிறார்.

ஹாஜியார் விஷயத்தைச் சொன்னார். கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருப்பவர். குறிஞ்சாக்கேணி வாசிகசாலைக்குத் தலைவர். போன வருடம் வாசிகசாலையின் பழைய பெட்டி ஒன்றைத் துப்புரவாக்கியபோது இந்தப் புத்தகம் கிடைத்தது. அரபு எழுத்தில் கல்லச்சில் அடித்தது. அவருடைய வாப்பாவின் வாப்பாவின் வாப்பா பாய்க்கப்பலில் தண்டையலாக, கப்பல் தலைவனாக, இருந்தவர். அந்த மனிதரின் பெயர் முதற் பக்கத்திலேயே இருக்கிறதாம். அதனால் இது தங்கள் குடும்பச் சொத்து என்று சொல்லி, வாசிகசாலை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். பத்து நாளைக்கு முன் அலுமாரி வெறுமையாக இருந்தது. மூன்று நாளைக்கு முன் புத்தகம் ஏலத்தில் இருந்தது. சனிக்கிழமை அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஓர் ஆள் வருகிறார்.

"அலுமாரிப் பூட்டுத் திறப்பு ஆரிட்ட?" என்று ஜெமீலா கேட்டார்.

ஒன்று தன்னிடம், மற்றது வாசிகசாலையைப் பார்க்கும் நிப்லா என்ற பெண்ணிடம் என்றார் ஹாஜியார். ஆனால் செய்தவன் வெளியாள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அரபு எழுத்துப் புத்தகம் வலப்பக்கத்தால் திறப்பது. இந்தக் கள்ளன் இடப்பக்கத்தால் திறந்து, முடிவை முதல் என்று நினைத்துப் படம் போட்டிருக்கிறான். "நம்மட ஆக்கள் செத்தாலும் இந்தப் பிழை விடமாட்டாங்க, மகள்" என்றார்.

பொலிஸ் முறைப்பாட்டையும் எழுதி முடித்திருந்தார். கள்ளனின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். யார் எடுத்திருந்தாலும் நிப்லாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேலை இல்லை, பூட்டின அலுமாரியைப் பார்க்கத் தெரியாதவளுக்கு வாசிகசாலை எதற்கு என்றார். அந்தப் பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை. இருந்தாலும் எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை.

*

அறிவித்தல் வந்த கணக்கு டிலானுடையது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு தோறும் எனக்கு முன்வரிசையில் இருந்து நித்திரை கொள்கிறவன். கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, ஜெமீலா உள்ளே போன பிறகு நான் அவனுடைய மற்ற அறிவித்தல்களை வாசித்துக் கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வாசித்ததில்லை.

'பிரித்தானியக் கடற்படைத் தளபதி கையால் தொட்ட சமையற் புத்தகம்' என்று ஒன்று. ஆதாரம்: மீன் பொரியல் பக்கத்தில் எண்ணெய்க் கறை. 'முதற் பதிப்பு, இரண்டாவது பதிப்பு வரவேயில்லை, ஆகவே கடைசிப் பதிப்பும் இதுவே' என்று இன்னொன்று. 'உலகில் ஒன்றே ஒன்று' என்று போட்டிருந்ததைத் திறந்து பார்த்தால் அவனுடைய மாமாவின் கிறுக்கல்களோடு ஒரு பழைய தொலைபேசி விபரக்கொத்து.

நான் கடைக்குள் போனபோது விசாரணை பாதியில் இருந்தது. டிலான் நெஞ்சில் கை வைத்து நின்றான். அந்தப் புத்தகத்தைத் தான் கண்ணாலும் காணவில்லையாம். ஆட்கள் வாட்ஸப்பில் படமும் விபரமும் அனுப்புவார்கள். இவன் தன் கணக்கில் போடுவான். விற்றால் இவனுக்கு ஒரு பங்கு. இது தெரியாத நம்பரிலிருந்து வந்தது. அதே ஆள் அதே நாளில் இன்னும் இரண்டு புத்தகம் அனுப்பியிருந்தார், ஒரு பழைய தேசப்படப் புத்தகமும் சைக்கிள் திருத்தும் கைந்நூலும்.

"எழுபத்திரண்டு படம் அனுப்பினவர், மிஸ். என்ர கலியாணத்துக்கே நான் அவ்வளவு எடுக்கேல்ல."

"விபரம் நீங்கள் எழுதினதில்லையா?"

டிலானுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'வாசிக்க உதவாது' என்று எழுதுகிற ஆளா நான் என்று என்னைப் பார்த்துக் கேட்டான். நியாயமான கேள்வி. அவனிடம் கொடுத்திருந்தால் அந்தப் பூச்சி அரித்த ஓட்டைகளைப் பீரங்கிக் குண்டுத் துளைகளாக்கியிருப்பான்.

"சரி, அதை இப்ப நீக்கி விடுங்க" என்றார் ஜெமீலா.

ஏலாது என்றான் டிலான். ஒரு ஆளாவது விலை கேட்டுவிட்டால் ஏலம் முடியும்வரை விற்கிறவனும் நீக்க முடியாது என்பது அந்தத் தளத்தின் சட்டம். ஏலம் சனிக்கிழமை மத்தியானம் முடிகிறது. காலைவரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. கால் மணித்தியாலத்துக்கு முன்னால்தான் யாரோ இருநூறு ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார்கள்.

"எந்த விசரன் அது?" என்றார் ஜெமீலா.

நான் கடை முகட்டைப் பார்த்தேன். அதில் ஒரு பழைய கப்பல் விளக்கு தொங்கியது. மிக அழகான விளக்கு.

"அல்பிரட் அண்ணன்" என்று என் பெயரைச் சொன்னார் ஜெமீலா.

"ஒரு படத்தில பாய்க்கப்பல் ஒண்டு இருந்தது, மிஸ். வடிவா இருக்கே எண்டு அமத்திப் பாத்தனான்."

அவர் என்னைத் திட்டியிருப்பார். ஆனால் அதற்குள் டிலானின் கணினியில் அந்த மூன்று புத்தகங்களின் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. ஜெமீலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நட்டஈடு கேட்டவர்களை அழவைத்த அந்தப் பார்வை வந்தது.

"ஒரே ஆள், ஒரே நாள், ஒரே வெளிச்சம்" என்றார். "தேசப்படம் எங்க இரிக்கு?"

"தரையில. சீமெந்துத் தரை."

"சைக்கிள் புத்தகம்?"

அதுவும் தரையில்தான். மூலையில் நீலச் செருப்பு ஒன்றின் நுனிகூடத் தெரிந்தது.

"இந்தத் தெரியாத மொழிப் புத்தகம்?"

மேசையில் இருந்தது. சும்மா மேசையில் இல்லை. வெள்ளைத் துணி ஒன்றை நாலாக மடித்து, அதன்மேல் வைத்திருந்தது. பெறுமதியான சாமான் என்று தெரிந்து கவனமாக வைத்திருப்பார்கள் என்றேன். பெறுமதி தெரிந்தவன் அலங்காரத்துக்கு வைக்கலாம் என்று எழுதுவானா என்று கேட்டார். 

"எங்கட வீடுகளில, அண்ணன், பேரீச்சம்பழப் பக்கற்றில அரபு எழுத்திருந்தாலும் உம்மா அதைக் காலடியில கிடக்க விடமாட்டா. உள்ளுக்க என்ன எழுதியிருக்கு எண்டெல்லாம் பாக்கிறதில்ல. எழுத்தைக் கண்டா கை தன்பாட்டில தூக்கி மேல வைக்கும். இந்த ஆள் தெரியாத மொழி எண்டு எழுதிட்டார். பிழையான பக்கத்தால திறந்து படமும் எடுத்திட்டார். ஆனா தரையில வைக்க மட்டும் மனசு வரல்ல."

ஹாஜியாரின் வெளியாள் கதை அந்த இடத்தில் படுத்துவிட்டது. தெரியாத மாதிரி நடித்தவர் தெரிந்தவர். அலுமாரியைத் திறந்தவரும் அவர். இரண்டு திறப்பில் ஒன்று ஹாஜியாரிடம் இருந்தது. அவர்தான் எங்களுக்குக் கூலி தந்து தேடச் சொன்னவர்.

"அப்ப அந்தப் பிள்ளைதானா?" என்றேன். ஏனோ எனக்குக் கவலையாக இருந்தது.

*

கிண்ணியாப் பாலம் கடந்து குறிஞ்சாக்கேணிக்குப் போய்ச் சேர மத்தியானம் திரும்பிவிட்டது. வாசிகசாலை ஒற்றை மண்டபம். நாலைந்து கடற்றொழிலாளர்கள் மின்விசிறிக்குக் கீழே பத்திரிகை வாசித்துக் கொண்டிருந்தார்கள். அதில் மூத்தவர் முனீப் காக்கா; விளையாட்டுச் செய்தியை யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்திருந்தார். கடைசி மேசையில் நிப்லா. முப்பது வயது இருக்கும். மேசைக்குக் கீழே பார்த்தேன். நீலச் செருப்பு.

ஜெமீலா குற்றம் சாட்டவில்லை. போனிலிருந்த படத்தைக் காட்டி, "இந்த வெள்ளைத் துணி ஆர்ர, தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

நிப்லா படத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். "என்ர தொழுகைத் துணி, ராத்தா" என்றாள்.

ஒரு பொய்யாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. புத்தகம் எங்கே என்று கேட்டதற்குச் சுவரோரம் கை காட்டினாள். பூட்டில்லாத றாக்கையில், எல்லோரும் எடுத்து வாசிக்கும் புத்தகங்களோடு, முதுகு வெளியே தெரிய நின்றது. பத்து நாளாக அங்கேயே நின்றதாம். ஹாஜியார் பூட்டிய இடங்களையெல்லாம் தேடியவர், திறந்த இடத்தைப் பார்க்கவில்லை.

ஜெமீலா அதை எடுத்து வந்து நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். "சோழகக் காற்று மாறி... வாடை தொடங்கினால்... பாயைச் சுருக்கி... மலையை வலத்தில் வைத்து உள்ளே வா..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிஸ், இது தமிழ்!"

"ஓம். எழுத்துத்தான் அரபு. பேச்சு நம்மட."

காலையிலிருந்து நான் இதை அரபு என்றே நினைத்திருந்தேன். கோணேசர் மலையை வலப்பக்கம் வைத்து இந்தத் துறைமுகத்துக்குள் பாய்க்கப்பலை எப்படிக் கொண்டுவருவது என்று நூறு வருடத்துக்கு மேலாக ஒரு புத்தகம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஊரில் பிறந்த எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நிப்லா சொன்ன கதை இவ்வளவுதான். புத்தகம் கிடைத்த அன்றே அவள் முதலிலிருந்து முடிவுவரை வாசித்துவிட்டாள். முதற் பக்கத்தைப் பற்றி ஹாஜியாரிடம் போய்ச் சொன்னாள். அந்தப் பக்கம் பழுதாகிவிட்டது, அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவிப்போம் என்றார் அவர். சனிக்கிழமை ஆள் வருவது பார்ப்பதற்கல்ல, வாங்குவதற்கு. புத்தகம் கட்டுகிறவனிடம் கொண்டுபோக ஒரு நாள் இருந்தபோது அவள் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்தாள். பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாள். சந்தேகம் வராமல் இருக்க வேறு இரண்டு பழைய புத்தகங்களையும் சேர்த்து டிலானுக்கு அனுப்பினாள்.

ஃபேஸ்புக்கில் போட்டிருக்கலாமே என்றேன்.

"போட்டா நாலு பேர் இதயம் போட்டிட்டுப் போயிருவாங்க. ஹாஜியார் சொன்னா மறு நிமிசம் அழிக்கவும் வேணும். ஏலத்தில போட்டா பழைய புத்தகம் தேடுற ஆக்கள் ஒவ்வொரு பக்கமாப் பெருப்பிச்சுப் பாப்பாங்க. எடுத்தும் வைப்பாங்க. ஆனா ஒருத்தரும் வாங்கக்கூடாது. அதுதான் அப்பிடி எழுதின."

"பிழையான பக்கத்தால திறந்ததும் அதுக்குத்தானா?" என்றார் ஜெமீலா.

ஓம் என்றாள். முதற் பக்கத்தை முதலில் போட்டால் ஹாஜியார் அன்றைக்கே கண்டுவிடுவார். கடைசியில் போட்டால் எழுபத்தொரு படம் தள்ளிப் பார்க்க அவருக்குப் பொறுமை இருக்காது. பொறுமை எங்களுக்கும் இருக்கவில்லை. ஜெமீலா அப்போதுதான் போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனார். எழுபத்திரண்டாவது படம் வந்தது. வாசித்தார்.

"ஹிஜ்ரி ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழு. தண்டையல் மீராலெப்பை ஆகிய நான், இந்தக் கரையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் வாசிப்பதற்காக இதை வக்பு செய்தேன். இதை விற்கவும் வாங்கவும் எவருக்கும் உரிமையில்லை."

வக்பு என்றால் இறைவன் பேரில் பொதுவுக்கு விட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் கோயில் மணியை நான் விற்க முடியாதது போல. ஹாஜியார் சொன்னதில் பொய்யே இல்லை. முதற் பக்கத்தில் அவருடைய மூத்தவரின் பெயர் இருக்கத்தான் செய்தது. பெயருக்குப் பிறகு வந்ததைத்தான் அவர் சொல்லவில்லை. நாங்கள் தேடிவந்த கள்ளன் எங்களுக்குக் கூலி தந்தவர்தான்.

பக்கத்தின் கடைசி வரி மட்டும் படத்தில் தெரியவில்லை. நிப்லாவின் விரல் அதை மறைத்திருந்தது. புத்தகத்தைத் திறந்து பார்க்காமல், அதில் என்ன என்று அவளிடமே கேட்டார் ஜெமீலா.

"அது அவங்கட வீட்டு விசயம், ராத்தா. வெளியில போட எனக்கு விருப்பமில்ல."

 ஜெமீலா எழுந்து, எங்கள் முன்னாலேயே ஹாஜியாருக்குப் போன் எடுத்தார். ஆளும் கிடைத்துவிட்டது, புத்தகமும் கிடைத்துவிட்டது, வாசிகசாலைக்கு வாருங்கள், முறைப்பாட்டையும் கொண்டு வாருங்கள் என்றார்.

நிப்லாவின் முகம் வெளுத்துப் போனது. எனக்கு ஜெமீலாமேல் அவ்வளவு கோபம் வந்தது இதற்கு முன் இல்லை. வாசலுக்குக் கூட்டிப் போய் அதைச் சொன்னேன். ஒரு பிள்ளையைக் காட்டிக் கொடுத்து வாங்குகிற கூலியில் எனக்குத் தேநீர்கூட வேண்டாம் என்றேன்.

"ஆளைக் கண்டுபிடிக்கிறன் எண்டு வாக்குக் கொடுத்திட்டன், அண்ணன்" என்றார் அவர். "ஆர் முன்னால சொல்றது எண்டு வாக்குக் கொடுக்கல்லையே."

*

ஹாஜியார் வந்தபோது பின்னேரத்து அசர் தொழுகை முடிந்திருந்தது. பள்ளியிலிருந்து வந்த ஆட்களும் சேர்ந்து வாசிகசாலையில் கதிரை போதவில்லை. மேசைமேல் புத்தகத்தைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. எழுதிய முறைப்பாட்டை ஜெமீலாவிடம் நீட்டினார்.

ஜெமீலா பேனையைத் திறந்து வைத்துக்கொண்டார். "உங்கட புத்தகம் எண்டு இதில எழுதியிரிக்கீங்க, ஹாஜியார். முதல் பக்கத்தில மூத்தவர்ர பேர் இரிக்கு எண்டும் சொன்னீங்க. அதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. எடுத்த ஆள்ர பேரை நானே எழுதித் தாறன்."

அவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு இடப்பக்கத்தால் திறந்தார். வெறும் பக்கம்.

"இதில ஒண்டும் விளங்குதில்ல. அழிஞ்சு போய்ச்சு" என்றார்.

முனீப் காக்கா விளையாட்டுச் செய்தியிலிருந்து தலையைத் தூக்கினார். "ஹாஜியார், அது முடிவெல்லா? மற்றப் பக்கத்தால திறங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, பெரிய மனிதர் தடுமாறினால் ஊர் சிரிக்கிற சிரிப்பு. தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓதுகிற மனிதர், வழி தெரியாதது போல் நிற்க முடியவில்லை. புத்தகத்தைத் திருப்பினார். முதற் பக்கம் திறந்தது.

வாசிக்கத் தொடங்கினார். நல்ல குரல் அவருக்கு. தண்டையல் மீராலெப்பை என்று வந்தபோது மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வக்பு என்று வந்தபோது அது அடங்கியது. 'எவருக்கும் உரிமையில்லை' என்ற இடத்தில் ஹாஜியார் நிறுத்திவிட்டார்.

"மறுகா? அதுக்குப் பிறகு என்ன?" என்றார் முனீப் காக்கா.

ஹாஜியார் ஜெமீலாவைப் பார்த்தார். அவர் பேனையோடு காத்திருந்தார். நிப்லாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள். அவள் மறைத்து வைத்த வரியை அவரே வாசிக்க வேண்டியதாயிற்று. 

"என் பிள்ளைகளுக்கும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இல்லை."

  பேரனின் மகன் வருவான் என்று தெரிந்து எழுதி வைத்தது போல இருந்தது எனக்கு. ஹாஜியாரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவர் புத்தகத்தை மூடினார். ஜெமீலாவின் கையிலிருந்த முறைப்பாட்டை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

"நாளைக்கு எத்தின மணிக்குத் திறக்கிற?" என்று நிப்லாவிடம் கேட்டார்.

"எட்டரைக்கு."

"ஞாயிறும்?"

"ஞாயிறும், ஹாஜியார்."

சரி என்றார். வாசலுக்குப் போய்விட்டார். அப்போதுதான் நிப்லாவுக்கு வாய் திறந்தது.

"சனிக்கிழமை வாற ஆளை வர வேணாம் எண்டு சொல்லாதீங்க, ஹாஜியார். வரட்டும். இஞ்ச இருந்து வாசிக்கட்டும்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தலையை ஆட்டினார், நான் கண்டேன்.

நிப்லா மேசையில் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டாள். ஜெமீலா அவள் தோளில் கை வைத்தார். வேலை போகும் என்று பயந்தது உண்மைதான், ஆனால் அதைவிட, 'தெரியாத மொழி' என்று எழுதினதுதான் கூடச் சுட்டது, ராத்தா என்றாள். வாசிக்க உதவாது என்று எழுதிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லையாம்.

முனீப் காக்கா எழும்பி வந்தார். மடியிலிருந்த பத்திரிகையை முதல் தடவையாக வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, கதிரையை நிப்லாவின் மேசைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

"வாடை தொடங்கினா எப்பிடி உள்ளுக்கு வாறது எண்டு ஏதோ வாசிச்சாங்களே" என்றார். "அதை எங்களுக்கும் ஒருக்கா வாசி, மகள்."

நிப்லா கண்ணைத் துடைத்தாள். புத்தகத்தை வலப்பக்கத்தால் திறந்து வாசிக்கத் தொடங்கினாள்.